நுரை அடிக்கலாமா, வேண்டாமா?

போன இதழில் கூரைச் சூட்டைப் பற்றி எழுதும்போது, சூட்டைத் தடுக்கக் கூரையிலும் சுவரிலும் பீய்ச்சி அடிக்கிற நுரையான 'ஸ்ப்ரே ஃபோம்' பற்றிப் போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போடவில்லை, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஸ்ப்ரே ஃபோம் என்றால் என்ன? தெர்மோகோலைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறார்களா?

இல்லை. தெர்மோகோல் பாலிஸ்டைரீன். இது பாலியூரித்தேன், நீங்கள் படுக்கிற ஃபோம் மெத்தையின் சொந்தக்காரன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவும் கண்டுபிடித்த சரக்கு. வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு டிரம் கொண்டுவருவார்கள். ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியாலோடு தீ மெதுவாகப் பரவ ஒரு மருந்து, நுரை பொங்க ஒரு மருந்து என்று நாலைந்து சேர்த்த கலவை. இரண்டும் சூடேற்றிய குழாயில் தனித்தனியாக வந்து துப்பாக்கி முனையில்தான் ஒன்றையொன்று சந்திக்கும். சுவரில் படும்போது வெறும் ஈரம் போலத்தான் இருக்கும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நொடிகளில், பால் பொங்குவது போலப் பொங்கி அப்படியே உறைந்து நின்றுவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள், நானும் நின்றேன்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஓப்பன் செல் என்பது ஸ்பாஞ்சு மாதிரி, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும், ஒரு கன மீட்டர் சுமார் 8 கிலோதான் இருக்கும். குளோஸ்டு செல் கெட்டியானது, நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும், அவ்வளவுதான். அது கன மீட்டருக்கு 30 கிலோ அளவில் வரும். ஓப்பன் செல்லின் கண்ணறைகளில் இருப்பது சாதாரணக் காற்று. குளோஸ்டு செல்லில் காற்றைவிடச் சூட்டை மெதுவாகக் கடத்துகிற வாயு அடைபட்டிருக்கும், அதனால் குறைந்த தடிமனில் அதிகம் தடுக்கும். தண்ணீரும் அதற்குள் எளிதில் இறங்காது. விலை கேட்கும்போது எந்த ஜாதி என்று சொல்லாமல் ஒருவர் விலை சொன்னால், அவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கேள்வி: நுரை அடித்தால் மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பிச் செலவு செய்யலாமா?

இதே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வருடக் கட்டணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் வீட்டைக் குளிர வைக்கவோ சூடாக்கவோ போவது எவ்வளவு? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் சூடாக்குவது, விளக்கு, டிவி எல்லாம் போக 40 பங்கு என்று வைப்போம் (உங்கள் பில்லில் இதமான பருவத்து மாதத்தையும் கடுமையான மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு ஓரளவு தெரிந்துவிடும்). அந்த 40-இல் கூரை வழியாக வருவது பாதி என்றே தாராளமாக வைப்போம். மீதி ஜன்னல், சுவர், கதவு இடுக்கு வழியாக வருகிறது. அப்படியானால் கூரையின் கணக்கு 20 பங்கு. நல்ல நுரை அதில் 85 சதவீதத்தைத் தடுத்தாலும் மிச்சம் 17 பங்குதான். பாதி எங்கே இருந்து வரும்? கூரைக்கு அடிக்கிற நுரை ஃபிரிட்ஜின் கரண்டைக் குறைக்காது.

சரி, 17 பங்கு மிச்சம் என்பதும் சின்ன விஷயமில்லை. ஆனால் நுரைக்கான செலவு உங்கள் இரண்டு வருட மின்கட்டணத்துக்குச் சமமாக இருந்தால், போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 12 வருடம் ஆகும். அவ்வளவு காலம் அந்த வீட்டில் இருப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாடகை வீடு என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம்.

அடுத்தது, யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு. நுரையை 'ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு' ஒப்பிட்டால் அது எப்போதும் ஜெயிக்கும். கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), ராக் வூல் (கல் இழைப் பஞ்சு), தெர்மோகோல் பலகை இவற்றோடு ஒப்பிடுங்கள். கிளாஸ் வூலின் வெப்பக் கடத்துதிறன் (எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது) மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.04 வாட் அளவில் இருக்கும், ஓப்பன் செல் நுரை 0.038. கிட்டத்தட்ட ஒன்றுதான்! வெறும் சூட்டைத் தடுப்பது மட்டுமே வேலை என்றால், ஓப்பன் செல்லுக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்துக்கு அங்கே பலன் இல்லை. குளோஸ்டு செல் 0.025 வரை இறங்கும், உண்மைதான், ஆனால் அதே அளவு சூட்டைத் தடுக்க ஓப்பன் செல்லைவிட இரண்டரை மடங்கு எடையுள்ள ரசாயனம் செலவாகும். அதன் விலை அப்படி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் எதற்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்றால், காற்றை அடைப்பதற்கு. பஞ்சை எவ்வளவு கவனமாகச் செருகினாலும் குழாய் போகிற ஓட்டை, வயர் இறங்குகிற இடம், கைமரமும் சுவரும் சேருகிற மூலை என்று இடுக்குகள் நிற்கும். வெளிக்காற்று அதன் வழியாகத் தாராளமாக வந்து போகும். நுரை அந்த மூலைக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். புழுக்கமான ஊர்களில் இதன் அருமை அதிகம், ஏனென்றால் இடுக்கு வழியாக வருகிற காற்று சூட்டோடு ஈரத்தையும் கொண்டுவருகிறது, அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கவும் ஏசி கரண்டு தின்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் இதே கதை தலைகீழ், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று மேலே ஏறிக் கூரை இடுக்கில் வெளியே போய்விடும்.

ஆக, உங்கள் வீட்டில் காற்று கசிகிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. காற்று அடிக்கிற ஒரு நாளில், கேஸ் அடுப்பும் கேஸ் கீசரும் எரியாத நேரமாகப் பார்த்து, எல்லாக் கதவு ஜன்னல்களையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஓரம், சுவிட்ச் பெட்டி, ஃபால்ஸ் சீலிங் விளிம்பு என்று மெதுவாக நடந்து வாருங்கள். புகை நேராக ஏறினால் பிரச்சினை இல்லை. படுத்து உள்பக்கம் ஓடினால் அங்கே ஓட்டை. முறையாகச் செய்கிறவர்கள் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் அளப்பார்கள், அதற்கு புளோயர் டோர் சோதனை என்று பெயர். ஊதுபத்தி அந்த அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் எங்கே கசிகிறது என்று காட்டிவிடும். கிடைத்த ஓட்டை நாலைந்துதான் என்றால் ஒரு கேன் ஃபோமும் ஒரு ட்யூப் சீலன்டும் போதும், கான்ட்ராக்டரை மறந்துவிடுங்கள்.

கேள்வி: 5 செ.மீ. போதுமா, 15 செ.மீ. அடிக்கச் சொல்லலாமா? செய்வதைத் திருந்தச் செய்யலாமே என்று பார்க்கிறேன்.

நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் 5 செ.மீ. செய்கிற வேலையை இரண்டாவது 5 செ.மீ. செய்யாது. ஒன்றுமே இல்லாத கூரை வழியாக 100 பங்கு சூடு இறங்குகிறது என்றால், 5 செ.மீ. குளோஸ்டு செல் அதை 15 பங்காக்கும். 10 செ.மீ. அடித்தால் 8 பங்கு. 15 செ.மீ. என்றால் 5 அல்லது 6. முதல் அடுக்கு 85-ஐத் தடுத்தது, இரண்டாவது 7-ஐ, மூன்றாவது 2-லிருந்து 3. ஆனால் மூன்று அடுக்குக்கும் சரக்கு ஒரே அளவுதான், பில்லும் அப்படியே. வருடத்தில் பாதி நாள் பனி பெய்கிற இடத்தில் அந்த 7 பங்குக்கும் மதிப்பு உண்டு, அங்கே கட்டட விதிகளே அதிகத் தடிமனைக் கேட்கும். மற்ற இடங்களில் அந்தப் பணத்தை வெயில் விழுகிற ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல் போடச் செலவழிப்பேன்.

ஒன்று கவனியுங்கள், எத்தனை செ.மீ. ஆனாலும் ஒரே மூச்சில் அடிக்கவிடாதீர்கள். நுரை உறையும்போது உள்ளே சூடு பிறக்கும். குளோஸ்டு செல்லை ஏறக்குறைய 5 செ.மீ.க்கு மேல் ஒரே அடுக்காக அடித்தால் நடுப்பகுதி கருகலாம், தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. ஒரு அடுக்கு, ஆறவிடுவது, அப்புறம் அடுத்தது. நாலு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று நிற்கிற ஆள் இதைச் செய்ய மாட்டார்.

கேள்வி: வீட்டில் மாமியாருக்கு வீசிங் இருக்கிறது. ஒரு அறையில் அடிக்கும்போது மற்ற அறையில் இருந்துகொள்ளலாமா?

கூடாது அம்மா. அவர் மட்டுமல்ல, யாருமே வீட்டில் இருக்கக் கூடாது. உறையாத நுரையிலிருந்து பறக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாதது. அதில் மோசமான விஷயம், ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு கொஞ்சமே கொஞ்சம் பட்டாலும் மூச்சுத்திணறல் வரலாம். அதனால்தான் அடிக்கிறவர் வெளியிலிருந்து காற்று வருகிற முகமூடியும் முழு உடுப்பும் போட்டுக்கொள்கிறார். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தால் வேலையைத் தொடங்கவிடாதீர்கள், அவருக்காகவும்தான் சொல்கிறேன்.

பொதுவாக 24 மணி நேரமாவது வெளியே தங்கச் சொல்வார்கள். சரியான காலத்தைத் தயாரிப்பாளரின் தாளில் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். மாமியாரை அதற்கு மேலும் சில நாள் உறவினர் வீட்டில் விட்டுவையுங்கள், அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சரியாக உறைந்த நுரை பெரும்பாலும் சாதுதான், வாசனையும் போய்விடும். வாரக்கணக்கில் மீன் வாடை மாதிரி ஒன்று அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு டிரம்மின் கலவை விகிதம் தவறியிருக்கலாம். அது ஜன்னலைத் திறந்துவைத்துச் சரியாகிற விஷயமில்லை, அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 'தீப்பிடிக்காத நுரை' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே?

பிடிக்கும். தீத்தடுப்பு மருந்து கலந்த நுரை மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். எரிந்தால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். ஆட்கள் புழங்குகிற இடத்தில் நுரையைத் திறந்தபடி விடக் கூடாது, அரை அங்குல ஜிப்சம் போர்டாவது மூடியிருக்க வேண்டும். அந்த போர்டின் செலவையும் சேர்த்துத்தான் உங்கள் எஸ்டிமேட். பல எஸ்டிமேட்டுகளில் அது இருக்காது! கரண்டு வயரை நுரைக்குள் புதைத்தால் வயரின் சூடு வெளியேற வழியில்லை, அது தாங்கக்கூடிய மின்னோட்டம் குறைந்துவிடும். சீலிங்கில் பதித்த விளக்குகளின் மேலேயும் அடிக்கக் கூடாது. அடிப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு, மழையில் அங்கங்கே ஒழுகும். ஓட்டுக்கு அடியில் நுரை அடித்தால் சூடும் நிற்கும், ஒழுகலும் நிற்கும், ஓடும் நகராது என்கிறார்கள். ஒரே செலவில் மூன்று பலன் இல்லையா?

இந்த இதழில் நான் ஒரே ஒருவருக்குத்தான் பதில் எழுத முடியும் என்றால் உங்களுக்குத்தான் எழுதுவேன். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

ஒழுகல் நிற்காது, நமக்குத் தெரிவதுதான் நிற்கும். ஓட்டு இடுக்கில் இறங்குகிற தண்ணீர் இதுவரை தரையில் சொட்டியது, நீங்கள் பாத்திரம் வைத்தீர்கள், மழை விட்டதும் காற்று பட்டு மரம் காய்ந்தது. நுரை வந்தபின் அதே தண்ணீர் நுரைக்கும் கைமரத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மரம் காய வழியே கிடையாது. கீழே இருந்து பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும், உள்ளே கைமரம் ஊறி உளுத்துப்போய்க்கொண்டிருக்கும். கரையான் வந்தாலும் இதே கதி. கரையானுக்கு நுரை உணவில்லை, ஆனால் அதைக் குடைந்து வழி போட்டுக்கொள்ளும், அந்த வழி நம் கண்ணுக்குத் தெரியாது. ஓடு நகராது என்பது உண்மைதான். அதனாலேயே ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது, பக்கத்து ஓடுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குளோஸ்டு செல்லை மரத்திலிருந்து எடுப்பதென்றால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அடித்த செலவைவிட எடுக்கிற செலவு கூடிவிடலாம்.

பிரிட்டனில் இதை நிறையப் பேர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பரணில் கூரைக்கு அடியில் நுரை அடித்த வீடுகளுக்கு அடமானக் கடன் தரப் பல நிறுவனங்கள் அங்கே தயங்குகின்றன, சில மறுத்துவிடுகின்றன, ஏனென்றால் மதிப்பீடு செய்ய வருகிறவரால் மரத்தைப் பார்க்கவே முடியவில்லை. கரண்டு பில்லைக் குறைக்கச் செய்த வேலை, வீட்டை விற்கும்போது குறுக்கே வந்து நிற்கிறது.

முதலில் ஓட்டைப் பிரித்து மாற்றி ஒழுகலை நிறுத்துங்கள். அப்புறம் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்றோட்டம் விட்டு, சீலிங்கின் மேல் கிளாஸ் வூல் விரியுங்கள். பத்து வருடம் கழித்து ஏதாவது என்றால் சுருட்டி எடுத்துவிட்டுப் பார்க்கலாம். சுருட்டி எடுக்க முடிவது ஒரு பெரிய வசதி, அதை விலைப்பட்டியலில் யாரும் போடுவதில்லை.

கேள்வி: கான்கிரீட் மொட்டை மாடிக்கு?

கான்கிரீட் தளத்தில் காற்று கசிவதில்லை, ஆக நுரையின் முக்கியமான பலம் இங்கே வீண். சூடு தளத்துக்குள் ஏறுவதற்கு முன்பே தடுப்பதுதான் இங்கே புத்திசாலித்தனம், அதாவது மேல்பக்கம். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் இரவில்தான் கக்கும், சாயங்காலம் உள்ளே கையைத் தூக்கி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும், அழுக்குப் படியப் படியக் குறையும், கழுவிவிட வேண்டும். அதை முதலில் செய்து ஒரு கோடையைப் பாருங்கள். போதவில்லை என்றால் மேலே பலகை வைத்துத் தளம் போடலாம். குளோஸ்டு செல் நுரையும் மேலே அடிக்கலாம், கூரைக்கென்றே கெட்டியான ரகம் இருக்கிறது, ஓதத்தையும் தடுக்கும். ஆனால் வெயில் நேராகப் பட்டால் பாலியூரித்தேன் மஞ்சளாகிப் பொடிந்து உதிரும், அதனால் மேல் பூச்சு கட்டாயம், சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். முதல் செலவோடு முடிகிற கதையில்லை.

கேள்வி: நுரை அடித்த பிறகு வீடு குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மாதிரி அடைத்தாற்போல் இருக்கிறது, குளியலறைச் சுவரில் கரும்புள்ளி வருகிறது. ஏன்?

ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டீர்கள், ஈரம் போக வழியில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா அல்லது சீலிங்குக்குள் தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள், பல வீடுகளில் இரண்டாவதுதான். புதுக் காற்று உள்ளே வர ஒரு வழியும் வேண்டும். கேஸ் கீசர் போல உள்ளே எரிகிற சாதனம் ஏதாவது இருந்தால் அதை இன்றைக்கே ஆள் வைத்துச் சரிபாருங்கள், காற்றுப் பற்றாக்குறையில் அது கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் விடலாம்.

கேள்வி: கேன் ஃபோம் வாங்கி நானே அடித்துக்கொண்டால் பணம் மிச்சம்தானே?

இடுக்குக்குச் சரி, சுவருக்குச் சரிவராது. கேனில் இருப்பது காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு உறைகிற வகை, தடிமனாக அடித்தால் வெளியே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று நிற்கும். அடிப்பதற்கு முன் இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல் நிலைக்கு 'குறைவாகப் பொங்கும்' வகை என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கினேன். கதவு நிலையைச் சுற்றி இடுக்கு தெரியாமல் நிரப்பிவிட்டு, ரொம்பத் திருப்தியாகப் படுக்கப் போனேன். இரவு முழுக்க அது பொங்கி நிலையை உள்பக்கம் தள்ளிவிட்டது, காலையில் கதவு சாத்தவில்லை. கையில் ஒட்டியது ஒரு வாரம் போகவில்லை. ஈரமாக இருக்கும்போது அசிட்டோனில் துடைக்கலாம், காய்ந்துவிட்டால் தோல் உரிந்து போகிற வரை காத்திருக்க வேண்டியதுதான். கையுறை போடுங்கள்.

கேள்வி: சூழலுக்கு நல்லதா?

கரண்டு மிச்சம் என்ற வகையில் நல்லது. ஆனால் குளோஸ்டு செல்லைப் பொங்க வைக்கிற பழைய எச்எஃப்சி வாயுக்கள் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வரை பூமியைச் சூடாக்குபவை. 2016 கிகாலி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவற்றைப் படிப்படியாகக் குறைத்துவருகிறார்கள். அவற்றுக்குப் பதிலாக வந்த, பூமியை மிகக் குறைவாகவே சூடாக்குகிற எச்எஃப்ஓ வாயு போட்டதா என்று கேளுங்கள். ஓப்பன் செல்லில் பெரும்பாலும் தண்ணீரை வைத்தே பொங்க வைக்கிறார்கள், அங்கே இந்தக் கவலை இல்லை.

கேள்வி: எல்லாம் யோசித்து அடிக்க முடிவு செய்துவிட்டோம். மரக்கூரைப் பரண், ஒழுகல் இல்லை, ஏசி குழாய்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. வேலை சரியாக நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் வீடு நுரைக்குப் பொருத்தமான வீடுதான், தாராளமாகச் செய்யுங்கள். அடிக்கிற அன்று மரம் காய்ந்திருக்க வேண்டும், ஈரமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள், 19 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். முதலில் ஒரு அட்டையில் கொஞ்சம் அடித்துக் காட்டச் சொல்லி, ஆறியதும் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கண்ணறைகள் பொடியாக ஒரே அளவில் இருந்தால் நல்லது. பெரிய பொக்கைகள், பிசுபிசுப்பு, பிஸ்கட் போல நொறுங்குவது, கருத்த கோடு இதில் எது இருந்தாலும் மேலே போக விடாதீர்கள்.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து டார்ச்சோடு ஏறுங்கள். கைமரத்துக்கும் நுரைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் நுரை சுருங்கியிருக்கிறது, காற்றை அடைக்கத்தான் பணம் கொடுத்தீர்கள் என்பதால் அதைச் சரிசெய்யச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு மெல்லிய கம்பியில் ஸ்கேல் வைத்து செ.மீ. குறி போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தித் தடிமன் பாருங்கள், கை எட்டாத ஓரங்களில்தான் முக்கியமாக, ஏனென்றால் அங்கேதான் மெலிதாக விட்டிருப்பார்கள். இரண்டு டிரம்களின் லேபிளையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். கடைசித் தவணையை இந்தக் கம்பி வேலை முடிகிற வரைக்கும் கொடுக்காதீர்கள்.